மட்கார்டு வராத வண்டி

ஜூன் 2, ஞாயிறு

இன்று என்னை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள்.

ஆறு வருடமாக ஞாயிறுதோறும் காலை ஐந்தரைக்குத் தென்காசி கோயில் வாசலில் சைக்கிளோடு கூடுகிறோம். பதினோரு பேர். போன வருடத்திலிருந்து பத்துப் பேர். செங்கோட்டை வரை போய்த் திரும்புவோம். முதல் வண்டி என்னுடையது. யாரும் தூக்கிக் கொடுத்த இடமில்லை, மிதித்து வாங்கியது. எனக்கு அறுபத்தெட்டு வயது. பின்னால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

சாரல் தொடங்கிவிட்டது. குழுவை நடத்துகிற பல் டாக்டர் ஜெபசெல்வி, டீ குடித்து முடித்ததும் கைபேசியைப் பார்த்து வாசித்தார். சாரல் முடியும்வரை மட்கார்டு இல்லாத வண்டி கடைசியில்தான் வர வேண்டும். புதிதாக மட்கார்டு போடுகிறவர்களுக்குச் சோதனை உண்டு. ஒருவர் வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு, நனைந்த ரோட்டில் ஒரு கிலோமீட்டர், அந்த வண்டியை ஒட்டியே பின்னால் வருவார். பனியனில் சேறு தெறித்தால் தோல்வி.

"கோவப்படாதிய அண்ணாச்சி, எல்லாருக்கும்தான் ரூலு" என்றார்.

மற்ற ஒன்பது வண்டியிலும் மட்கார்டு இருக்கிறது. அப்புறம் என்ன எல்லாருக்கும்?

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? போன வருடம் இதே சாரலில், இலஞ்சி குளத்துக் கரைச் சரிவில், எனக்குப் பின்னால் வந்த மசூது குழியில் வண்டியை விட்டு விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று. முன்னால் போகிறவன் குழியைக் கண்டால் கையை இறக்கிக் காட்ட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். நான் காட்டினேன். போன வருட டைரியிலும் எழுதியிருக்கிறேன்.

கடைசியில் போனால் ஒன்பது பேரின் முதுகைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பார்த்தேன்.

ஜூன் 3, திங்கள்

பஜாரில் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த வண்டிக்கு மட்கார்டு வராது அண்ணாச்சி. ரேஸ் வண்டில்லா. கம்பெனிக்காரனே வேண்டாம்னுதான விட்டிருக்கான்."

"கம்பெனிக்காரன் குத்தாலச் சாரல்ல ஓட்டிப் பாத்தானாவே?"

"வேணும்னா சீட்டுக்கு அடியில சொருகுற பிளாஸ்டிக் துண்டு ஒண்ணு இருக்கு."

எட்டு அங்குல நீளம். விசிறிக்கொள்ளலாம். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் அளந்தேன். டயருக்கும் பிரேக்குக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர். அதற்குள் மட்கார்டும் நுழைய வேண்டும், சக்கரமும் உரசாமல் சுற்ற வேண்டும். சட்டத்தில் கம்பி மாட்ட ஓட்டையும் கிடையாது.

வராது என்றால் வராதா? மில்லில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான். காகிதத்தில் கடைசிவரை ஹெல்பர். ஐ.டி.ஐ. சர்டிஃபிகேட் இல்லை என்றார்கள். சர்டிஃபிகேட் வைத்திருந்தவர்கள் மிஷின் நின்றால் என்னைத்தான் தேடி வந்தார்கள். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கழற்றிப் பார்த்தேன், மாட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான் என் படிப்பு.

ஜூன் 4, செவ்வாய்

நாள் முழுக்கத் தூற்றல். துவைத்த வேட்டி மூன்றாவது நாளாகக் காயவில்லை. முழங்கால் வலி.

ஜூன் 6, வியாழன்

ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. பைப்பில் மணலை நிரப்பி, இரண்டு முனையையும் துணியால் அடைத்து, அடுப்பில் வாட்டினேன். மணல் இருந்தால் வளைக்கும்போது பைப் ஒடுங்காது. பழைய ரிம்மைச் சுற்றி வளைத்து, ஆறியதும் ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். காலை எட்டுக்குத் தொடங்கி, முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆயிற்று.

"ஏங்க, அடுப்புல பைப்ப வச்சு வாட்டுதியளே, மத்தியானத்துக்கு இதத்தான் திங்கப் போறியளா?" என்றாள் ஆவுடை. என் மனைவி. சிலிண்டர் தீரும் நாள் என்று இரண்டு தரம் சொன்னாள். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே, "நேத்து சந்தையில பாத்துமுத்தக்காவப் பாத்தேன்" என்றாள்.

பாத்துமுத்து மசூதின் மனைவி. மசூது மில்லில் எனக்கு அடுத்த மிஷினில் இருபத்திரண்டு வருடம் நின்றவர்.

நான் பைப்பைத் திருப்பிப் பிடித்தேன். இரண்டு மணிக்கு சிலிண்டர் தீர்ந்தது.

ஜூன் 8, சனி

மாட்டிவிட்டேன். தண்ணீர்க் குழாயைச் சுவரில் பிடிக்கிற கிளாம்பை எடுத்து, உள்ளே டியூப் ரப்பர் வைத்துச் சட்டத்தில் இறுக்கினேன். ஸ்போக்கை வளைத்துக் கம்பியாக்கினேன். டயரையும் இன்னும் மெல்லியதாக மாற்றினேன். பிரேக்குக்கு அடியில் பைப்பை அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் காகிதம்போல ஆக்கி நுழைத்தேன். டயருக்கும் அதற்கும் இரண்டு மில்லிமீட்டர் மிச்சம். சக்கரம் சுற்றுகிறது. இலேசாகச் சத்தம் வருகிறது, உரசல் என்று சொல்ல முடியாது.

கைப்பிடியைத் திருப்பினால் செருப்பு நுனி முன் மட்கார்டில் இடிக்கிறது. திருப்பாமல் ஓட்டலாம்.

ஜூன் 9, ஞாயிறு

சோதனை. டாக்டரே பனியன் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். மழைக்கோட்டு போடவில்லை, தைரியம்தான். ஒரு கிலோமீட்டர் முடிந்ததும் நான் இறங்கி, என் முதுகைத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரமில்லை. திரும்பி எல்லோரிடமும் காட்டினேன்.

டாக்டரின் பனியனில் கழுத்திலிருந்து வயிறு வரை சேற்றுக் கோடு. மூக்கிலும்.

"அண்ணாச்சி, உங்க முதுகுதான் காஞ்சிருக்கு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பின் மட்கார்டைச் சக்கரத்தின் மேல்பாதியோடு நிறுத்தியிருந்தேன். பின்னால் வருகிறவர் மேல் அடிக்கிற தண்ணீர் சக்கரத்தின் அடியிலிருந்து கிளம்புகிறதாம். அங்கே நின்று விளக்கினார், பல் பிடுங்குகிறவர்.

கடைசியில் போனேன்.

ஜூன் 11, செவ்வாய்

புதிய சிலிண்டர் வந்தது. ரேஷனில் பருப்பு இல்லை, நாளை வரச் சொன்னார்கள்.

ஆவுடை நான் கேட்காமலே சொன்னாள். மசூது கம்பு இல்லாமல் நடக்கிறாராம். முற்றத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து பெடலைச் சுற்றுகிறாராம். "திருமல இன்னும் மட்கார்டு போடலியா?" என்று என்னைப் பற்றிக் கேட்டாராம்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ஊருக்கே தெரியும்" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

பின் மட்கார்டை இன்னொரு துண்டு பைப் வைத்துக் கீழே வரை நீட்டினேன். முன்னால் இருப்பதைத் தொடவில்லை. கடைக்காரர் வழியில் பார்த்து, "பிரேக்குகிட்ட வெட்டி ரெண்டாப் போடுங்க அண்ணாச்சி, அந்த எடத்துல மட்கார்டே வேண்டாம்" என்றார்.

வெட்டினால் அது மட்கார்டா? ஒட்டுப்போட்ட வேலையை நான் மில்லில்கூடக் கொடுத்ததில்லை.

ஜூன் 14, வெள்ளி

மழை விட்ட நேரம் பார்த்து, தனியாக ஓட்டிப் பார்க்கப் போனேன். இலஞ்சி குளத்துக் கரைச் சரிவில் சல்லி ஒன்று டயரோடு ஏறிவந்து முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. இரண்டு மில்லிமீட்டர் சந்து. சக்கரம் அப்படியே நின்றுவிட்டது.

விழவில்லை. இறங்கினேன். கொஞ்சம் வேகமாக.

முழங்கையில் தோல் உரிந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மசூது விழுந்த குழி பக்கத்தில்தான். போன தை மாதமே அடைத்துத் தார் போட்டுவிட்டார்கள். கறுப்பாக, சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் தெரிகிறது. அன்றைக்கு அதன்மேல் தண்ணீர் நின்றது. சரிவு நன்றாகவே இறங்குகிறது. இந்த இடத்தில் யாராலும் பிரேக்கிலிருந்து கையை எடுக்க முடியாது. இரண்டு கையும் பிரேக்கில்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான்

இன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். நாலு கிலோமீட்டர்.

ஜூன் 15, சனி

வலது முழங்கை. எழுத வரவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

போகவில்லை. இந்த ஆறு வருடத்தில் இது இரண்டாவது ஞாயிறு. முதலாவது, மசூதுக்கு ஆபரேஷன் நடந்த ஞாயிறு. அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. வீட்டில் இருந்தேன்.

ஆவுடை காயத்துக்கு மருந்து போட்டாள்.

"விழுந்தியளோ?"

"இறங்குனேன்."

"ரோடு தேஞ்சிருக்குமே, நீங்க இறங்குன வேகத்துக்கு."

சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இந்தச் சரிவே மோசம், அன்றைக்கும் நான் கையைக் காட்டத்தான் செய்தேன், மழையில் அவருக்குத் தெரிந்திருக்காது, பின்னாலிருந்து என்னமோ கத்திக்கொண்டே வந்தார், மழைச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை, இதெல்லாம் யாருக்கும் புரிவதில்லை என்றேன். பஞ்சை வைத்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருசமா இத எங்கிட்டயே சொல்லுதியளே. விழுந்தது நானா? அவ்வோகிட்டப் போயிச் சொல்லுங்க."

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை. வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

வெட்டினேன்.

பிரேக் இருக்கும் இடத்தில் நாலு அங்குலத்தை எடுத்துவிட்டேன். முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு. அலுமினியத் தகடு ஒன்று பிரேக்கைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. முன்பக்கத்தில் செருப்பு இடித்த நீளத்தையும் குறைத்தாயிற்று. டயரைச் சுற்றி விரல் நுழைகிற இடம் இருக்கிறது. பழைய டயரையே திரும்பப் போட்டேன்.

கடைக்காரர் சொன்னது இதுதான். அவர் சொன்னார் என்பதற்காகச் செய்யவில்லை.

சக்கரம் சத்தமில்லாமல் சுற்றுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

பின் மட்கார்டின் நுனியில் தொங்கவிட மோட்டார் சைக்கிள் டியூபில் ஒரு படுதா வெட்டினேன். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அது பின்னால் வருகிறவரின் உயரத்தைப் பொறுத்தது.

ஜூன் 22, சனி

சாயங்காலம் மசூது வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். மூன்று தெரு தாண்டி இருக்கிறது. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு மெலிந்திருக்கிறது. தாடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார்.

"என்னவே, வண்டிக்குக் குடை புடிச்சிருக்கீரு."

"படுதா உசரம் பாக்கணும். பின்னால வாற ஆள் உசரம் தெரிஞ்சாத்தான் கட்ட முடியும்" என்றேன்.

"அதுக்கு எம் உசரம் வேணுமாக்கும்?"

"ஆமா."

"ஒரு வருசங் கழிச்சு எம் உசரம் பாக்க வந்தீரு. அதே உசரந்தான் வே. இடது காலுதான் அரை இஞ்சி கொறஞ்சு போச்சு."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று காட்டினார். இடது குதிகால் தரையில் படவில்லை. ஆபரேஷனில் அப்படி ஆகிவிட்டதாம். சைக்கிளில் அந்தக் கால் கீழ்ப் பெடலுக்கு எட்டவில்லையாம். சீட்டை இறக்கினால் வலது முழங்கால் வலிக்கிறதாம். இதையெல்லாம் கடைச் சாமான் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

பாத்துமுத்து சாயா கொண்டுவந்து வைத்தது. "வாங்கண்ணே" என்றது, அவ்வளவுதான். உள்ளே போய்விட்டது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாயா குடித்தோம். பிறகு மசூது ஒன்று கேட்டார். நான் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

"அது எனக்குத் தெரியும் வே. பின்னால இருந்தது நாந்தான?" என்றார். "எம் மூக்குக்கண்ணாடி பூரா உம்ம சக்கரத்துத் தண்ணி. ஒதுங்கும் ஒதுங்கும்னு மூணு தடவ கத்துனேன். கேட்டுச்சா இல்லியா?"

அதற்கும் பதில் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். வண்டி குறுக்கே நின்றது.

"சரி, படுதாவ எவ்ளோ கீழ எறக்கணும்? வாரும், பாப்போம்" என்றார்.

நான் குனிந்து பிடித்துக்கொண்டேன். அவர் பின்னால் நின்று, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தரைக்கு நாலு விரல் இருக்கும்போதுதான் போதும் என்றார்.

ஜூன் 23, ஞாயிறு

கடைசியில் போனேன். சோதனை வேண்டும் என்று கேட்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மசூதின் இடது பெடலை வாங்கி வந்தேன். தேக்குக் கட்டையில் அரை இஞ்ச் கனத்துக்கு ஒரு பலகை அறுத்து, மேலே டயர் ரப்பர் ஒட்டி, நாலு திருகாணி போட்டு இறுக்கினேன். பெடல் ஒரு பக்கம் கனத்துக் கவிழ்ந்தது. அடியிலும் அதே கனத்துக்கு இன்னொன்று வைத்தேன். இதற்கு எந்த டாக்டரும் விதி வாசிக்கவில்லை.

ஒட்டுப்போட்ட வேலைதான்.

ஜூன் 28, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மசூது வந்தபின் பெடலை மாட்டிக் கொடுத்தேன். தெருவில் ஓட்டிப் பார்த்தார். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். "விடும்வே, கூட ஓடி நீரு விழுந்து தொலைக்காதியும்" என்றார். விட்டேன். போனார். தெருமுனையில் திரும்பி வந்தார்.

பாத்துமுத்து வாசலில் நின்று பார்த்தது. "ஞாயித்துக்கெழமை இவ்வோ வந்தா, நீங்க முன்னால போவியளா பின்னால போவியளா அண்ணே?" என்று என்னிடம் கேட்டது.

நான் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

நல்ல சாரல். ரோடு முழுக்கத் தண்ணீர்.

மசூது ஐந்தரைக்கு முன்பே கோயில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார், வெள்ளைப் பனியனோடு. யார் சொல்லியும் போட்டுவந்ததில்லை. எல்லோரும் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். டாக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பாய், வேண்டாம், நான் போடுதேன்" என்றார்.

"ஓம் மூஞ்சில அடிச்சது போதும்மா. இது எம் முறை" என்றார் மசூது.

புறப்பட்டோம். எனக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் அவருடைய டயர்ச் சத்தம். ஒரு வருடமாகக் கேட்காத சத்தம். மெதுவாகத்தான் மிதித்தேன். குழிக்குக் கை காட்டினேன். வேகத்தடைக்குக் காட்டினேன். உடைந்த தேங்காய்ச் சிரட்டைக்கு, மாட்டுச் சாணிக்குக் காட்டினேன்.

"வே, சாணிக்கெல்லாமா கையக் காட்டுவீரு?"

"பேசாம வாரும்."

ஒரு கிலோமீட்டர் முடிந்து இறங்கினோம். மசூது கையை விரித்து நின்றார். மழையில் பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. டாக்டர் சுற்றி வந்து பார்த்தார். வெள்ளை. இடது தோளுக்குக் கீழே மட்டும் ஒரு புள்ளி, மிளகு அளவுக்கு.

"இது..." என்றார் டாக்டர்.

"டீ" என்றார் மசூது. "காலைல சிந்திட்டேன்."

"அப்ப பாஸ் அண்ணாச்சி" என்று டாக்டர் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். முதல் இடத்தைக் காட்டி வழிவிட்டார்கள்.

நான் கிட்டப் போய் அந்தப் புள்ளியைப் பார்த்தேன். நகத்தால் சுரண்டினேன். நறநறவென்றது.

"டீ இல்ல. சேறு" என்றேன்.

"டீன்னு நான் சொல்லுதேன்லா!"

"சேறுவே. எனக்குத் தெரியாதா?"

"பாஸ் போட்டாச்சு அண்ணாச்சி, விடுங்க" என்றார் டாக்டர்.

விதி என்றால் விதி. வண்டியைத் திருப்பிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனேன். படுதாவை இன்னும் ஒரு விரல் இறக்க வேண்டும். அடுத்த ஞாயிறு பார்க்கலாம்.

மசூது முன்னால் போகவில்லை. எனக்கு முந்தின இடத்தில் வந்து நின்றார். "இவன் மாற மாட்டான்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினார். இடது கால் மேலே வரும்போதெல்லாம் அந்தக் கட்டை தெரிந்தது. அவர் வண்டி மட்கார்டு நல்ல மட்கார்டு. என்மேல் ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை.

இலஞ்சி குளத்துக் கரை வந்தது. சரிவு. மசூது பிரேக்கிலிருந்து இடது கையை எடுத்தார். கீழே இறக்கி, விரலை நீட்டி, எனக்குக் குழியைக் காட்டினார்.

அங்கே குழி கிடையாது. அடைத்து ஐந்து மாதமாகிறது.

நான் ஒதுங்கிப் போனேன்.